பழைய மர யன்னலுக்குப் புதுக் கண்ணாடி – பொருட்களையும் கருவிகளையும் தெரிவுசெய்தல்



உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ கண்ணாடி உடைந்த பழைய மர யன்னல் ஒன்று நிச்சயம் இருக்கும். உடைந்த இடத்தில் காட்போட் மட்டையோ தகரத் துண்டோ செருகப்பட்டிருக்கும். "யன்னலையே கழற்றிவிட்டு அலுமினியம் போடலாம்" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். ஆனால் அந்த யன்னலின் மரம் பெரும்பாலும் தேக்கு, முதிரை, பாலை போன்ற வைரமான மரமாகவே இருக்கும். சட்டம் உறுதியாக இருந்தால் பழுதானது கண்ணாடி மட்டுமே. அதை மாற்றச் சில கருவிகளும் சில பொருட்களும் போதும். அவற்றைச் சரியாகத் தெரிவுசெய்வது எவ்வாறு என்பதை இங்கு நோக்குவோம். தொழினுட்பப் பாடம் கற்போருக்கு இது நேரடியாகப் பயன்படும். ஏனையோருக்கும் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் கற்றவற்றை நடைமுறையில் காண்பதற்கு இது உதவும்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. தச்சு வேலை எனது தொழிலன்று. இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வகுப்பு நடத்தும் பழைய வீட்டின் யன்னலில் ஒரு கண்ணாடியை மாற்றுவித்தேன். வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. பார்வைக்கும் அழகாக இருந்தது. சில மாதங்களின் பின் சோளகக் காற்றில் யன்னற் கதவு படாரென்று அடித்தது. கண்ணாடி முழுத் துண்டாகக் கழன்று உள்ளே விழுந்து, மாணவர் இருக்கும் வாங்கின் மேல் சிதறியது. அன்று காலை வேளை, வாங்கில் யாரும் இல்லை. மாலை நான்கு மணியாக இருந்தால் அங்கே மூவர் இருந்திருப்பார்கள்.

அதைப் பார்க்க வந்த வயதான தச்சர் ஒருவர் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்ரர், இதிலை ஒரு ஆணிகூட இல்லை. புட்டி தண்ணியைத்தான் மறிக்கும். கண்ணாடியைப் பிடிக்கிறது ஆணி." அன்று அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றையே பின்னர் வாசித்தவற்றோடு சேர்த்து இங்கு தருகிறேன்.

1. மூன்று வேலைகள், மூன்று பொருட்கள்

மர யன்னற் சட்டத்தின் வெளிப்பக்கத்தில், கண்ணாடி வந்து அமர்வதற்கென ஒரு படி போல மரம் வெட்டப்பட்டிருக்கும். தச்சர்கள் இதனை றிபேற் என்பர். நாம் இதனைப் படிவெட்டு எனக் குறிப்பிடுவோம். இப்படிவெட்டில் கண்ணாடி நிலைத்திருக்க மூன்று வேலைகள் நடைபெற வேண்டும்.

(அ) பிடித்தல் – சிறிய கம்பியாணிகள் கண்ணாடியை விழாமற் பிடித்திருக்கின்றன.
(ஆ) அடைத்தல் – புட்டி இடைவெளிகளை நிரப்பி நீரையும் காற்றையும் தடுக்கிறது. கண்ணாடி அதிர்வதையும் குறைக்கிறது.
(இ) காத்தல் – தீந்தைப் பூச்சு புட்டியையும் மரத்தையும் வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கிறது.

"கண்ணாடியை ஒட்டுவதற்குப் புட்டி பயன்படும்" என எழுதுவது மாணவர் அடிக்கடி விடும் தவறு. புட்டி ஒரு பசையன்று. இந்த மூன்று வேலைகளையும் மனதில் வைத்துக்கொண்டால், எந்தப் பொருளை ஏன் வாங்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

2. கண்ணாடியைத் தெரிவுசெய்தல்

கண்ணாடி வாங்கும்போது வகை, தடிப்பு, அளவு ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும்.

வகை: இன்று கடைகளிற் கிடைக்கும் சாதாரண தெளிந்த கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. இங்கிலாந்தின் பில்கிங்ரன் நிறுவனம் இம்முறையை 1959 இல் அறிவித்தது. அதற்கு முந்திய கண்ணாடிகளிற் பலவற்றில் சிறு அலைகள் தெரியும். கண்ணாடி காலப்போக்கில் வழிவதால் அவை ஏற்பட்டன எனச் சிலர் கூறுவர். அது தவறு, அவை தயாரிப்பு முறையால் வந்தவை. குளியலறைக்குப் புகைக் கண்ணாடி அல்லது பூவேலைக் கண்ணாடி பொருந்தும். பதப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி உடைந்தால் சிறு மணிகளாகச் சிதறும். ஆனால் பதப்படுத்திய பின் அதை வெட்ட முடியாது. அளவு கொடுத்தே செய்விக்க வேண்டும். நிலத்துக்கு அண்மையில், சிறுவர் மோதக்கூடிய இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடியே உகந்தது.

தடிப்பு: சிறிய துண்டுகளுக்கு 3 மி.மீ. போதும். அகலமான துண்டுகளுக்கும் காற்று நேரே அடிக்கும் பக்கத்துக்கும் 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. நல்லது. "தடிப்புக் கூடினால் உறுதி கூடும், ஆகவே 6 மி.மீ. போடலாம்" என எண்ண வேண்டாம். படிவெட்டின் ஆழம் 12 மி.மீ. எனக் கொள்வோம். அடிப்புட்டிக்கு 2 மி.மீ., கண்ணாடிக்கு 4 மி.மீ. போனால் ஆணிக்கும் மேற்புட்டிக்கும் 6 மி.மீ. மிஞ்சும். 6 மி.மீ. கண்ணாடி போட்டால் மிஞ்சுவது 4 மி.மீ. மட்டுமே. இடம் குறைந்தால் ஆணி புட்டிக்கு வெளியே துருத்தி நிற்கும்.

திணிவையும் பார்க்க வேண்டும். கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2500 கி.கி./மீ³. எனவே ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் 2.5 கி.கி. வரும்.

உதாரணம்: 600 மி.மீ. × 450 மி.மீ. அளவுடைய, 4 மி.மீ. தடிப்பான கண்ணாடியின் திணிவு யாது?
பரப்பளவு = 0.6 × 0.45 = 0.27 மீ²
திணிவு = 0.27 × 4 × 2.5 = 2.7 கி.கி.

கூரிய விளிம்புகளையுடைய 2.7 கிலோகிராம் பொருள் ஒருவரின் தலைக்கு மேல் நிற்கிறது என்பதை நினைத்தால், ஆணி ஏன் அவசியம் என்பது புரியும்.

அளவு: படிவெட்டின் நீளத்தையும் அகலத்தையும் மேல், நடு, கீழ் என மும்மூன்று இடங்களில் அளந்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய அளவை எடுக்குக. அதிலிருந்து 3 மி.மீ. கழிக்குக. மிகச் சிறிய அளவுகள் 603 மி.மீ., 453 மி.மீ. எனின், வெட்ட வேண்டிய அளவு 600 மி.மீ. × 450 மி.மீ. ஆகும்.

ஏன் 3 மி.மீ. கழிக்கிறோம்? பலர் "வெப்பத்தால் கண்ணாடி விரியும்" என்று மட்டும் எழுதுவர். கணக்கிட்டுப் பாருங்கள். கண்ணாடியின் நீள விரிவுக் குணகம் ஏறத்தாழ 0.000009 / °C. 600 மி.மீ. கண்ணாடி 20 °C வெப்பநிலை உயர்வுக்கு விரியும் அளவு 600 × 20 × 0.000009 = 0.108 மி.மீ. மட்டுமே. முக்கிய காரணம் மரம். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி மரம் பருக்கும். அத்தோடு பழைய சட்டம் சரியான செங்கோணத்திலும் இராது. இடைவெளி இல்லாவிட்டால் சட்டம் கண்ணாடியை நெருக்கி உடைத்துவிடும்.

சட்டம் செங்கோணத்தில் உள்ளதா என அறிய இரு மூலைவிட்டங்களையும் அளக்குக. இரண்டும் சமமாயின் சட்டம் சரி. 300 மி.மீ., 400 மி.மீ. பக்கங்களையுடைய சிறு சட்டத்தின் மூலைவிட்டம் 500 மி.மீ. ஆக இருக்க வேண்டும். நீங்கள் கற்ற பைதகரசின் தேற்றமே இது. மூலைவிட்டங்கள் சமமில்லாவிட்டால், காட்போட் மட்டையில் மாதிரி வெட்டி, பொருத்திப் பார்த்து, அதையே கடைக்குக் கொண்டு செல்க. கண்ணாடியைக் கடையிலேயே வெட்டுவிப்பது நல்லது.

3. ஆணியைத் தெரிவுசெய்தல்

15 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை நீளமுள்ள, தலை சிறுத்த மெல்லிய கம்பியாணி பொருத்தமானது. பெரிய தலையுள்ள ஆணி புட்டிக்கு வெளியே தெரியும். தடித்த ஆணி ஒடுங்கிய சட்டத்தைப் பிளக்கும். கடற்கரைப் பகுதிகளில் வெறும் இரும்பாணி உப்புக் காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடிய கனவளவை அடைப்பதால் அது புட்டியைத் தள்ளி வெடிக்கச் செய்யும். எனவே நாகமுலாம் பூசிய ஆணியோ பித்தளை ஆணியோ வாங்குக.

ஆணிகளை ஏறத்தாழ 150 மி.மீ. இடைவெளியில் அடிக்கலாம். மேற்கூறிய கண்ணாடியின் சுற்றளவு 2 × (600 + 450) = 2100 மி.மீ. ஆகவே தேவையான ஆணிகள் 2100 ÷ 150 = 14. நீண்ட பக்கங்களுக்கு நான்கு நான்காகவும், குறுகிய பக்கங்களுக்கு மும்மூன்றாகவும் பங்கிடலாம். ஆணி மரத்தினுள் சென்றபின் ஏறத்தாழ 5 மி.மீ. வெளியே நின்று கண்ணாடியின் முகத்தைத் தொட வேண்டும்.

4. புட்டியைத் தெரிவுசெய்தல்

ஹாட்வெயார் கடையில் வெறுமனே "புட்டி" என்று கேட்டால், சுவருக்குப் பூசும் புட்டியைத் தந்துவிடக்கூடும். அது யன்னலுக்கு உதவாது. "மர யன்னலுக்குக் கண்ணாடி போடும் புட்டி" என விளக்கிக் கேளுங்கள். இது சோக்குத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்யப்படுவது. சோக்குத் தூள் என்பது கல்சியங் காபனேற்று.

இப்புட்டி இறுகுவது நீர் ஆவியாவதால் அன்று. ஆளிவிதை எண்ணெய் வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமடைந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து திண்மமாகின்றன. இத்தாக்கம் மெதுவாக நடைபெறும். எனவே கண்ணாடி போட்ட அன்றே தீந்தை பூசக் கூடாது. மேற்பரப்பில் உறுதியான தோல் உருவாகும்வரை ஒன்று முதல் இரண்டு கிழமைகள் பொறுக்க வேண்டும்.

படிவெட்டின் மரம் உலர்ந்து வெறுமையாக இருந்தால், அது புட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். அப்போது புட்டி மாவாக உதிரும். இதைத் தடுக்க, புட்டி வைக்க முன்னர் மரத்துக்கு அடிப்பூச்சுத் தீந்தை அல்லது ஆளிவிதை எண்ணெய் பூசி உலரவிட வேண்டும். "போன வருடம் போட்ட புட்டி ஏன் உதிர்கிறது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

சிலிக்கன் பசையைப் பயன்படுத்தலாமா எனக் கேட்பீர்கள். அலுமினிய யன்னலுக்கு அது ஏற்றது. மர யன்னலில் இரு குறைகள் உண்டு. சாதாரண சிலிக்கன் மேல் தீந்தை பிடிக்காது. அடுத்த முறை கண்ணாடி உடைந்தால் அதைச் சுரண்டி அகற்றுவதும் கடினம்.

5. பிணைச்சல், திருகாணி, கொளுக்கி

கண்ணாடியை மட்டும் மாற்றி, கதவைத் தாங்கும் பொருட்களைக் கவனியாது விட்டால் வேலை அரைகுறையே. ஒரு யன்னற் கதவில் மேற்கூறிய அளவில் மூன்று கண்ணாடிகள் உண்டெனக் கொள்வோம். 3 மி.மீ. தடிப்பாயின் மொத்தத் திணிவு ஏறத்தாழ 6 கி.கி.; 5 மி.மீ. தடிப்பாயின் ஏறத்தாழ 10 கி.கி. இந்த மேலதிகச் சுமையைத் தாங்குவது பிணைச்சலும் அதன் திருகாணிகளுமே.

கதவைச் சற்று உயர்த்திப் பாருங்கள். ஆடினால் திருகாணித் துளைகள் தேய்ந்துவிட்டன என்பது கருத்து. அதற்காகப் பெரிய திருகாணியை முடுக்க வேண்டாம். துளையில் மரப்பசை தடவிய மரக்குச்சியை இறுக்கி, காய்ந்தபின் அதில் பழைய அளவுத் திருகாணியையே போடலாம். பித்தளைப் பிணைச்சலுக்குப் பித்தளைத் திருகாணியே பொருத்தமானது. ஈரமான உப்புக் காற்றில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைவாக அரிக்கப்படும்.

இறுதியாகக் கொளுக்கி. திறந்த கதவைச் சுவரோடு பிடித்து வைக்கும் கொளுக்கியும் வளையமும் விலை குறைந்தவை. ஆனால் காற்றில் கதவு அடிபடுவதைத் தடுப்பவை அவையே. எங்கள் வகுப்பு யன்னலில் ஆணியோடு கொளுக்கியும் இருக்கவில்லை.

6. கருவிகள்

• உருக்கு அளவுநாடா, மூலைமட்டம் – அளக்கவும் செங்கோணம் பார்க்கவும். துணி நாடா இழுபடும், தவிர்க்குக.
• புட்டிக் கத்தி இரண்டு – விறைப்பான அலகுடையது சுரண்டுவதற்கு. வளையும் அலகுடையது புட்டியை வழித்து மட்டமாக்குவதற்கு.
• பழைய உளி – கல்லாக இறுகிய புட்டியை அகற்ற. இதற்கு நல்ல உளியைப் பயன்படுத்தினால் அதன் வாய் மழுங்கிவிடும்.
• குறடு – பழைய ஆணிகளைப் பிடுங்க.
• சிறு சுத்தியல் – ஏறத்தாழ 100 கிராம் தலையுடையது. பாரமான சுத்தியல் தவறினால் கண்ணாடி போய்விடும்.
• திருகாணி செலுத்தி – அலகின் அகலம் திருகாணித் தலையின் வெட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். சிறியதாயின் தலை சிதையும்.
• அரத்தாள், தூரிகை – படிவெட்டைச் சுத்தஞ் செய்யவும் பூச்சுப் பூசவும்.
• கண்ணாடி வெட்டி – கடையில் வெட்டுவிப்பவருக்குத் தேவையில்லை. அதன் வேலைமுறையை அறிந்திருங்கள்: அதன் சிறு சில்லு கண்ணாடியை அறுப்பதில்லை, மேற்பரப்பில் ஒரு நுண்ணிய வெடிப்பைக் கீறுகிறது. பின்னர் வளைக்கும்போது அக்கோட்டின் வழியே கண்ணாடி பிரிகிறது. ஒரே கோட்டில் இரு முறை கீறினால் வெடிப்புத் திசைமாறும்.

7. பாதுகாப்பு

(அ) தடித்த கையுறை, கண்ணாடிக் கவசம், மூடிய சப்பாத்து ஆகியன கட்டாயம். செருப்புடன் இவ்வேலையைச் செய்யாதீர்கள்.

(ஆ) உடைந்த துண்டுகளை மேலிருந்து கீழாக அகற்றுக. கீழிருந்து தொடங்கினால் மேலுள்ள துண்டு கையில் விழும்.

(இ) பழைய தீந்தையில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் தீந்தையிலுள்ள ஈயத்தின் அளவுக்கு விதிக்கப்பட்ட வரம்பு 2013 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்க்க வேண்டாம். நீரால் நனைத்துச் சுரண்டி, தூளைச் சேகரித்து அகற்றுக. முகமூடி அணிக. சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விட வேண்டாம். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

(ஈ) ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் ஒட்சிசனுடன் சேரும்போது வெப்பம் வெளிவரும். குவிந்த துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தானாகவே தீப்பற்றலாம். துணியை வெளியே விரித்துக் காயவிடுக. அல்லது நீரில் அமிழ்த்துக.

(உ) உடைந்த கண்ணாடியைப் பல மடிப்புப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே "கண்ணாடி" என எழுதி வைக்குக. குப்பை எடுக்க வருபவரின் கையும் கைதான்.

8. வேலை ஒழுங்கு

வடக்கு, கிழக்கில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னர், உலர்ந்த நாட்களில் செய்வது நல்லது.

படி 1: உடைந்த கண்ணாடி, பழைய புட்டி, ஆணிகள் ஆகியவற்றை அகற்றுக.
படி 2: படிவெட்டைச் சுத்தஞ் செய்து, அடிப்பூச்சுப் பூசி உலரவிடுக.
படி 3: புட்டியைக் கையாற் பிசைந்து இளக்கி, படிவெட்டு முழுவதும் ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்பில் அடிப்புட்டி இடுக.
படி 4: கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுவந்து பொருத்துக. விளிம்புகளில் மட்டும் மெதுவாக அழுத்தி, அடிப்புட்டியை ஏறத்தாழ 2 மி.மீ. ஆக்குக. நடுவில் அழுத்தினால் உடையும்.
படி 5: ஆணிகளை அடிக்குக. சுத்தியலைக் கண்ணாடியின் மேல் வழுக்கியபடியே நகர்த்தித் தட்டுக. உயர்த்தி அடிக்க வேண்டாம்.
படி 6: மேற்புட்டியை இட்டு, நீர் வழிந்தோடும்படி சாய்வாக வழிக்குக. உட்பக்கத்தில் பிதுங்கிய புட்டியையும் வெட்டி அகற்றுக.
படி 7: புட்டியில் தோல் உருவானபின் தீந்தை பூசுக. பூச்சு கண்ணாடியின் மேலும் ஏறத்தாழ 2 மி.மீ. படிய வேண்டும். அப்போதுதான் புட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர் இறங்காது.

9. மாதிரி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

(1) மர யன்னலில் கண்ணாடியைப் பொருத்தும்போது ஆணி, புட்டி, தீந்தை ஆகிய ஒவ்வொன்றின் பணியையும் கூறுக.
குறிப்பு: பிடித்தல், அடைத்தல், காத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் போதும்.

(2) படிவெட்டின் மிகச் சிறிய அளவுகள் 503 மி.மீ., 403 மி.மீ. எனின் (அ) வெட்ட வேண்டிய கண்ணாடியின் அளவு, (ஆ) 3 மி.மீ. தடிப்பாயின் அதன் திணிவு, (இ) 150 மி.மீ. இடைவெளியில் தேவையான ஆணிகள் ஆகியவற்றைக் காண்க.
விடை: (அ) 500 மி.மீ. × 400 மி.மீ. (ஆ) 0.5 × 0.4 × 3 × 2.5 = 1.5 கி.கி. (இ) 1800 ÷ 150 = 12.

(3) ஓராண்டுக்குள் புட்டி உதிர்ந்தமைக்கு இரு காரணங்கள் தருக.
குறிப்பு: அடிப்பூச்சு இன்மையால் மரம் எண்ணெயை உறிஞ்சியமை, தீந்தை பூசப்படாமை, துருப்பிடித்த ஆணி புட்டியைத் தள்ளியமை. இவற்றுள் ஏதேனும் இரண்டு.

(4) கடற்கரைக்கு அண்மையிலுள்ள வீட்டு யன்னலுக்கு எவ்வகை ஆணியைத் தெரிவுசெய்வீர்? ஏன்?
குறிப்பு: "நாகமுலாம் பூசிய ஆணி" எனப் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "ஏன்?" என்ற பகுதிக்கும் புள்ளி உண்டு.

மாணவர்களே, இப்போது எங்கள் வகுப்பு யன்னலில் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஆணி இருக்கிறது; கொளுக்கியும் இருக்கிறது. புட்டி மூடியிருப்பதால் ஆணிகள் எவருக்கும் தெரிவதில்லை. அதன் கீழுள்ள வாங்கில் மாணவர் பயமின்றி இருந்து படிக்கின்றனர். இதை வாசித்து முடித்ததும் உங்கள் வகுப்பறை யன்னல் ஒன்றின் அருகே சென்று பாருங்கள். கண்ணாடி அதிர்கிறதா? புட்டி உதிர்ந்த இடத்தில் ஆணி தெரிகிறதா? கையால் தள்ளிப் பார்க்க வேண்டாம். கண்டதைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். இந்தப் பாடத்தின் முதற் செய்முறை அதுவாகவே இருக்கட்டும்.